செம்புக்கம்பி

சனிக்கிழமைகளில் எங்கள் குளியல்தொட்டி
செடிகளுக்கு.
நான் வெள்ளி இரவே குளித்துவிட வேண்டும்.
இது த்ரஹோமீராவின் சட்டம்;
பதினோரு ஆண்டுகளாக மேல்முறையீடு இல்லை.

பால்கனியில் வெள்ளரி ஊறுகாய்ப் புட்டிகள்
மழைக்கு வாய் திறந்து நிற்கும்.
குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு, ஆகாது.
ஒஸ்த்ராவாவின் மழையிலோ ஆலைக் கரி.
காபி வடிதாளில் அதை வடிகட்டுவாள்.
எனக்குக் காபி அப்புறம்தான்.

மண் இல்லை. தொட்டி இல்லை.
வேர் என்று இருப்பது பற்றிக்கொள்ள மட்டும்,
குடிப்பது இலை.
அதன்மேல் சாம்பலாய்ப் படிந்திருப்பதெல்லாம் வாய்கள்.
தூசி என்று நினைத்து ஒருமுறை துடைத்துவிட்டேன்;
அன்று அவள் போட்ட கூச்சலில்
கீழ்வீட்டு ஜெஹ்னால் கரண்டியோடு ஓடிவந்தார்.

அவற்றில் ஒன்று, ஜன்னலோரத்தது,
விதையிலிருந்து அவள் எழுப்பியது.
முதல் ஆண்டு
கொசுவலையில் ஒட்டிய பச்சைத் தும்மல்.
நான்காம் ஆண்டு புல்.
ஒன்பதாம் ஆண்டில்தான் இலைநுனிகள்
தச்சன் சீவிய மரச்சுருள்போல் வளையத் தொடங்கின.
குவாதமாலாவின் வறண்ட கிளைகளில்
இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்களாம்.
நாங்கள் போனதில்லை.
அந்த ஊரின் ஈரப்பதம் மட்டும்
மாதவாரியாக அவளுக்கு மனப்பாடம்.

போன மார்ச்சில்
அவள் தங்கைக்கு அறுவை சிகிச்சை.
மூன்று வாரம் ஓலொமோவ்ட்ஸில்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்:
அரைமணி நேரம் முக்கு. உதறு.
தலைகீழாய்க் காயவிடு, குருத்தில் நீர் தங்கினால் அழுகும்.
ரேடியேட்டர் பக்கம் கொண்டுபோகாதே.
அதோடு பேசாதே, உனக்குத்தான் தாகம் எடுக்கும்.

எல்லாம் செய்தேன்.
எழுதாத ஒன்றையும் செய்தேன்.

டிராம் பணிமனையில் நான் கம்பி இழுப்பவன்.
இருபத்தாறு வருஷமாய்
என் விரல்களில் செம்பு மணக்கிறது.
இத்தனை அழகான ஒன்று
அழுக்கு நைலான் சுருக்கில் தொங்குவது
எனக்குப் பொறுக்கவில்லை.
கழிவுத் துண்டுகளில் நல்லதாய்ப் பார்த்து எடுத்து,
மணல்தாளால் தேய்த்து,
மூன்று வளையம், ஒரு கொக்கி.
ஈரத்தோடேயே அதில் உட்காரவைத்தேன்.
சாய்ந்த வெயில் பட்டதும்
சமையலறைச் சுவரெல்லாம் சிவந்தது.
படம் எடுத்தேன். அனுப்பவில்லை,
நேரில் பார்க்கட்டும் என்று.

அனுப்பியிருந்தால்
அன்றிரவே அழைத்திருப்பாள்.

வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
கம்பி தொட்ட இடமெல்லாம் கறுப்பு.
நடு இலையை இரண்டு விரலால் பிடித்தாள்;
வெண்ணெயிலிருந்து கத்தியை உருவியதுபோல்
சத்தமில்லாமல் வந்துவிட்டது.

"செம்பு" என்றாள்.
"செம்பு" என்றேன் நானும்,
பெருமையாக.

நஞ்சு என்று அவள் சொல்லவில்லை.
பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்:
ஈரத்தில் கரையும் செம்பை
அந்தச் சாம்பல் வாய்கள்
தண்ணீர் என்று நம்பிக் குடித்துவிடும்.

கோபம் வர இரண்டு நாள் ஆனது.
வந்தபோது அது
நான் கழுவாமல் வைத்த ஒரு சூப் கிண்ணத்தைப் பற்றியது.
ஒரு மணி நேரம் நீடித்தது.
நானும் கிண்ணத்தைப் பற்றியே
மன்னிப்புக் கேட்டேன்.

கொசுவலையில் இப்போது மறுபடி ஏதோ பச்சை.
அவளுக்கு ஐம்பத்தெட்டு.
கணக்கை நான் வாய்விட்டுப் போடவில்லை.

கம்பியை எறிய இருவருக்கும் மனம் வரவில்லை.
நல்ல கம்பி.
எட்டு மாதமாய் ஊமையாய்க் கிடந்த
வாசல்மணிக்கு அதை மாட்டினேன்.
இப்போது கணீரென்று அடிக்கிறது.
தபால்காரர் அழுத்தினாலும், ஜெஹ்னால் அழுத்தினாலும்,
கதவுக்குப் போகுமுன்
நாங்கள் இருவரும்
ஜன்னலைப் பார்க்கிறோம்.